சாவிக்கொத்தில் ஒரு கடப்பாறை

என் சாவிக்கொத்தில் விரல் நீளத்துக்கு ஓர் இரும்புத் துண்டு தொங்குகிறது. தட்டையானது. ஒரு முனை உளிபோல மெலிந்து லேசாக வளைந்திருக்கும். கொடைக்கானல் பஜாரில் எங்கள் இரும்புக் கடைக்கு ஒரு டஜன் வந்தது. யாரும் வாங்கவில்லை. ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். பெயிண்ட் டப்பா திறக்க, அட்டைப்பெட்டியில் அடித்த பின்னைப் பிடுங்க உதவும்.

என் மனைவி ஜஹீரா அதைக் கடப்பாறை என்பாள்.

"கோட்டைய இடிக்கப் போறீகளா மச்சான்? பால்பவுடர் டப்பாவுக்கு ஸ்பூன் போதாதா?"

"போதும்தான்."

"அப்ப எதுக்குச் சொமக்குறீக? பாக்கெட் கிழியவா?"

கிழியத்தான் செய்தது. அவள்தான் தைப்பாள்.

போன வருடம் ஆடியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள். ஐந்தாம் நாள், மழையோடு மழையாகப் போய்விட்டாள். மையத்தை, இறந்த உடலை, தூக்கிப்போகப் பள்ளிவாசல் கொட்டகையில் சந்தூக் என்ற பெட்டி ஒன்று இருக்கும். அந்தப் பெட்டி ஈரத்தில் ஊறி மூடி இறுகிக் கிடந்தது. நாலு பேர் இழுத்தும் வரவில்லை. நான் சாவிக்கொத்தை எடுத்தேன். முனையைச் செருகி ஒரு நெம்பு. திறந்துகொண்டது.

"நல்லவேள, கைல வச்சிருந்த" என்றார் ஜலாலுதீன் மாமா. அவர் சொன்னதில் தப்பில்லை.

அதன்பிறகு அதை எதற்கும் எடுக்கவில்லை. கழற்றவும் இல்லை. பேன்ட் பாக்கெட் மறுபடி கிழிந்தது. சாவியை வண்டியிலேயே விட்டுவைக்கப் பழகிக்கொண்டேன்.

இந்த ஆவணியில் மன்னவனூருக்குத் தகரம் கொண்டுபோனேன். அழகுமலை அண்ணன் வீட்டுக்கு, பன்னிரண்டு ஷீட். காலையிலிருந்து தூறல். வீடு பள்ளத்தில். வண்டியை மேலே ரோட்டில் நிறுத்திவிட்டு, ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்க வேண்டும்.

நான் போனபோது அண்ணன் புகை அறையைச் சாத்திக்கொண்டிருந்தார். விதைப்பூண்டைக் கட்டுக்கட்டாகப் பரணில் தொங்கவிட்டு, கீழே பச்சை விறகில் நெருப்பு வைப்பார்கள். எரியக்கூடாது, புகைய வேண்டும். கதவிடுக்கில் ஈரச்சாக்கைத் திணித்து, மேலே ஒரு மர ஆப்பைக் கல்லால் அடித்து இறுக்கினார். சாத்துமுன் வாசற்படியை ஒருதரம் பார்த்தார். பூண்டு அறைக்குள் யாரும் செருப்போடு போகமாட்டார்கள். படியில் செருப்பு இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை.

தகரம் இறக்கினோம். ஒவ்வொன்றும் இடிபோலச் சத்தம் போட்டது. பன்னிரண்டாவதையும் வைத்தபிறகுதான் ஊர் அமைதியானது.

"உங்கக்காவ எங்க காணோம்? குழாயடிக்குப் போனவ" என்று மனைவியைத் தேடினார் அண்ணன்.

அப்போது கதவில் ஒரு தட்டு கேட்டது. மெதுவாக. உள்ளே இருந்து.

அண்ணன் கதவைப் பார்க்கவில்லை. படியைப் பார்த்தார்.

"செருப்பு இல்லயே தம்பி" என்றார். "செருப்பு இல்லயே."

பிறகு ஓடினார். ஆப்பு மழையில் ஊறி உப்பியிருந்தது. மண்வெட்டியால் அடித்ததில் அதன் தலை மட்டும் உடைந்து விழுந்தது. மீதி, சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் மட்டமாக உட்கார்ந்துவிட்டது. மண்வெட்டி அந்த இடுக்கில் நுழையவில்லை. அரிவாளை விட்டார். நுனி ஒடிந்தது.

"கடப்பாறை எங்கண்ணே?"

"காட்டுல கெடக்கு. கீழ."

காடு கால் மணி தூரம். என் கை பாக்கெட்டுக்குப் போனது. விரல் ஓட்டை வழியாகத் தொடையைத் தொட்டது. சாவி மேலே வண்டியில்.

எழுபது படி இருக்கும். ஏறினேன். சாவியை உருவிக்கொண்டு இறங்கும்போது ஒருமுறை விழுந்தேன். வந்தபோது தட்டும் சத்தம் நின்றிருந்தது. அண்ணன் அடி இடுக்கில் திணித்திருந்த சாக்கைப் பிய்த்தெடுத்து, தரையில் வாய் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். "இங்கன வா. மூக்க இங்கன வையி."

முனையை ஆப்பின் அடியில் செருகிக் கல்லால் ரெண்டு தட்டு. நெம்பினேன். மரம் முனகியது. இன்னும் கொஞ்சம் செருகி நெம்பினேன். மூன்றாவது நெம்பில் முனை ஒடிந்தது. ஆனால் ஆப்பு ஒரு விரல்கடை வெளியே வந்திருந்தது. அண்ணன் அதைக் கையால் பிடித்து ஆட்டிப் பிடுங்கினார். நகம் பெயர்ந்தது. கதவு திறந்தது.

அழகம்மாள் அக்கா நிலைக்கு அருகில் குப்புறக் கிடந்தார். முகத்தில் முந்தானை. இழுத்து வெளியே போட்டோம். இருமினார். வாந்தி எடுத்தார். மறுபடி இருமினார். கண்ணைத் திறக்க ரொம்ப நேரம் ஆனது. திறந்ததும் புருஷனைப் பார்த்தார்.

"பூண்டோட பூண்டா என்னையும் தொங்க விடலாம்னு பாத்தீகளா?"

"செருப்ப எங்கடி வச்ச?"

"புதுச் செருப்பு. மழையில நனையுமேன்னு சாக்குல சுத்தி உள்ள வச்சேன். குழாய்ல தண்ணி வரல, திரும்பி வந்து பரணுக்கு அந்தப் பக்கம் கட்டுப் பிரிச்சுக்கிட்டிருந்தேன். கத்துனது தகரச் சத்தத்துல உங்களுக்குக் கேக்கல. வெரசாப் போயி எடுத்துட்டு வாங்க, புகை புடிச்சிரும்."

அண்ணன் போய் எடுத்துவந்தார். அதை அக்காவின் பக்கத்தில் வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். தோள் குலுங்கியது. அக்கா கையை நீட்டி அவர் முதுகில் வைத்தார். நான் தகரங்களை நேராக அடுக்கினேன். ஏற்கனவே நேராகத்தான் இருந்தன.

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "வர்றேன், டீ குடிச்சுட்டு" என்றார் அக்கா. அண்ணன் அடுப்பு மூட்டினார். டீத்தூள் டப்பாவின் மூடி வரவில்லை. நகம் போன விரலோடு மல்லுக்கட்டினார்.

"ஸ்பூன் அந்தா கெடக்கு பாருங்க" என்றார் அக்கா.

"இங்க குடுங்கண்ணே" என்றேன்.

ஒடிந்த முனையை மூடியின் கீழ் வைத்தேன். ஒருமுறை வழுக்கியது. இரண்டாவதில் திறந்தது.

அண்ணன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடையில இருக்கா தம்பி?"

"பதினொண்ணு இருக்கு. யாரும் வாங்கல."

"தெனமும் இதையா சொமக்குறீக?"

"முன்னாடி சொமந்தேன்."

இருவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். டாக்டர் பார்த்துவிட்டு, நெஞ்சில் கோளாறில்லை, ஒரு ராத்திரி இருக்கட்டும் என்றார். வெளியே வந்து, எதிர்க்கடையில் ஊசியும் நூலும் கேட்டேன். கறுப்பு நூல் இல்லை. நீலம்தான் இருந்தது. வாங்கிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து, பாக்கெட்டை வெளியே இழுத்தேன்.

ஜஹீரா போட்ட தையல் ஒரு ஓரத்தில் இன்னும் பிரியாமல் இருந்தது. அது முடிந்த இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.