அட்டையில் 118/74

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் தலையில் உதிக்கவில்லை. கழுத்தில் உதித்தது.

அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்தின் வடகோடியில் எங்கள் ஊரில் ஓர் ஆஸ்டியோபதிக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்து வருகிறவர்களும் ஊசி போடுவார்கள், கத்தி வைப்பார்கள், மருந்துச் சீட்டில் புரியாமல் கிறுக்குவார்கள். மற்ற டாக்டர்களுக்கு எதிலும் குறைந்தவர்கள் இல்லை. கூடுதலாக, முதுகு, விலா, பிடரி என்று கையை வைத்து அழுத்தியும் தளர்த்தியும் வைத்தியம் பார்ப்பார்கள். அதைப் பழக ஆள் வேண்டுமே! ஆகவே, மாணவர்கள் கையில் கழுத்தைக் கொடுக்காதவர் எங்கள் ஊரில் கிடையாது. சர்ச் விருந்தில் தட்டை ஏந்தி நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வரும். "உங்க வலது தோள் கொஞ்சம் ஏறியிருக்கே?" ஆமாம் என்று சொல்லிவிட்டால் போச்சு. சாப்பாடு ஆறிவிடும்.

அப்படி ஒரு நாள் என் தலையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு ஒரு மாணவி இந்தக் கதையில் பாதியைச் சொன்னாள். தலை அடுத்தவர் கையில் இருக்கும்போது "நான் நம்பவில்லை" என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? மீதிப் பாதி நான் சேர்த்தது. எது அவள் பாதி, எது என் பாதி என்று கேட்காதீர்கள். எனக்கே குழம்பிவிட்டது.

2

[முதல் தொடக்கம், கைவிட்டது:] அக்டோபரின் பொன்வெயிலில் அறுவடை முடிந்த சோளக்காடுகள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை

வேண்டாம். சோளக்காட்டை இங்கே யாரும் பார்ப்பதில்லை. பார்த்தால் வண்டி ஓட்டும்போது தூக்கம் வரும்.

[இரண்டாம் தொடக்கம்:] ட்வைலா பெக்கெட்டுக்குத் தலை வலித்தது.

இது தேவலை. ஆனால் அவளுக்குத்தான் வலித்தது என்று நான் அடித்துச் சொல்லிவிட்டால் கதை இங்கேயே முடிந்துபோகும்.

[மூன்றாவது, இதுவே இருக்கட்டும்:] ட்வைலா பெக்கெட்டுக்கு நோயாளியாக இருப்பதும் ஒரு வேலை.

மற்ற நாளெல்லாம் அவள் மாட்டுத் தீவனக் கடையில் கல்லாவில் நிற்பாள். தேர்வு நாட்களில் கல்லூரிக்குப் போய், பின்பக்கம் திறந்த நீல அங்கியை மாட்டிக்கொண்டு ஒரு அறையில் உட்காருவாள். அறை வாசலில் ஓர் அட்டை தொங்கும். என்ன உபத்திரவம், நாடித் துடிப்பு எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். மாணவன் அதைப் படித்துவிட்டுக் கதவைத் தட்டி உள்ளே வருவான். அவளுக்கு என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். மேலே கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்.

ட்வைலா கெட்டிக்காரி. பித்தப்பைக் கல், நெஞ்சுவலி, தூக்கம் வராத விதவை எல்லாம் செய்திருக்கிறாள். விதவைக்கு அவள் அழுத அழுகையில் ஒரு மாணவன் தானும் அழுது, பாக்கி நேரம் முழுக்க அவள் அவனைத் தேற்றும்படி ஆயிற்று. அப்போதும் அவள் விதவையாகவேதான் தேற்றினாள். அறைக்குள் ஒரு தடவைகூட வேஷம் கலைந்ததில்லை. அதில் அவளுக்குப் பெருமை உண்டு.

ஆண்டுதோறும் ஒரு கர்ப்பிணி வேஷமும் உண்டு. அதற்குப் பட்டை வைத்துக் கட்டுகிற பஞ்சு வயிறு ஒன்றைக் கல்லூரி வைத்திருந்தது. போன வருஷம் தேர்வு நடுவில் அது நழுவி ட்வைலாவின் முதுகுப்பக்கம் போய்விட்டது. இந்த வருஷம் அவளுக்கு நிஜமாகவே எட்டாம் மாதம். நோயாளி நடிகர்களையெல்லாம் மேய்க்கும் நெட்டா வைனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பஞ்சு வயித்துக்கு இனிமே பட்டை தைக்க வேணாம். ஆண்டவனே பார்த்து அனுப்பிட்டான்டி!" என்றாள்.

"எனக்காக அனுப்பினான்னு நெனச்சேன்" என்றாள் ட்வைலா.

இந்த வருஷத்து அட்டை இப்படி: கர்ப்பிணி. பிடரியில் ஆரம்பித்து நெற்றிவரை தலைவலி. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ரத்த அழுத்தம் 118/74. விடை என்னவென்றால், கழுத்துத் தசை இறுகியிருக்கிறது, வளரும் வயிறு விலாவை மேலே நெருக்குகிறது, அவ்வளவுதான். மாணவன் முதலில் ஆபத்துக் கேள்விகளைக் கேட்க வேண்டும். கண்முன் புள்ளி தெரிகிறதா? மேல்வயிறு வலிக்கிறதா? எல்லாவற்றுக்கும் அவள் "இல்லை" என்பாள். பிறகு அவன் கையை வைத்துத் தளர்த்துவான்.*

* அந்த அட்டையை எழுதியது கல்லூரி என்று நெட்டா சொல்வாள். கதைக்குள் இருக்கிறவளுக்கு அவ்வளவுதான் தெரியும். எழுதியது நான். தொண்ணூற்றெட்டு என்று போட்டிருக்கலாம், நூற்று முப்பது என்று போட்டிருக்கலாம். ஒருவருக்கும் சந்தேகம் வராத எண்ணாகத் தேடிப் போட்டேன்.

3

தேர்வு நாள் காலையில் ட்வைலா கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். அவள் புருஷன் ரஸ் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான்.

"ரஸ், தலை வலிக்குது."

"இன்னிக்கு என்ன வேஷம்?"

"தலைவலி."

"அப்ப பிரமாதமா வந்திருக்கு, அம்மா தாயே. இப்படியே கலைக்காம கொண்டுபோய் எறக்கு."

அவளும் சிரித்துவிட்டாள். ரஸ்ஸை வில்லனாக்கலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். முடியவில்லை. மனுஷன் முட்டையில் மிளகுத்தூள் போடாமல், அவளுக்கு நெஞ்சு எரியும் என்று தனியாகப் பொரிக்கிறான். அப்படிப்பட்டவனை என்ன செய்ய?

காலையிலிருந்து மாணவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவளைப் பக்கவாட்டில் சாய்த்து, வயிற்றுக்கடியில் தலையணை கொடுத்து, விலாவை மெல்ல விரித்துவிட்டார்கள். அது சுகமாகத்தான் இருந்தது. மூச்சு அடிவயிறுவரை போய்வந்தது. பிடரியில் விரல்களைக் கொடுத்துத் தலையை ஏந்தும்போது வலியும் கொஞ்சம் இறங்கும். அடுத்த கதவுத் தட்டலுக்குள் திரும்ப ஏறிக்கொள்ளும்.

மதியத்துக்கு மேல் கைகழுவும் குழாயைச் சுற்றி வெள்ளியாய்ச் சின்னச் சின்னப் பொட்டுகள் பறந்தன.

"கண்ணு முன்னால ஏதாச்சும் மினுக்மினுக்குன்னு தெரியுதா, மேம்?"

"இல்லை, டாக்டர்."

எவ்வளவு அழகாகச் சொன்னாள் தெரியுமா! அடுத்து வந்தவனிடமும் சொன்னாள்.

இந்த இடத்தில் நீங்கள் புத்தகத்தை மடக்கிவிட்டு, "இவளுக்குப் பைத்தியமா? வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்து, இவளை நம்பாமல் ஒரு வாரம் எழுதாமல் கிடந்தேன். பிறகு புரிந்தது. விதவைக்கு அழுத அன்று ராத்திரியும் அவள் கண் நிஜமாகத்தான் வீங்கியிருந்தது. காலையிலிருந்து தலைவலியை நடித்தால் தலை வலிக்காமல் என்ன செய்யும்? இது வேஷத்தோட வலி, அங்கியைக் கழற்றினால் போய்விடும் என்று இருந்தாள். அப்படி இருக்கத்தான் ஆசைப்பட்டாள். தன்னுடையது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று நினைக்க வேண்டிவரும். அவளுக்குப் பயம். வேறொன்றுமில்லை.

4

எமெட் லேசி கதவைத் தட்டினான்.

இவன் இந்தத் தேர்வில் ஏற்கெனவே ஒரு தடவை கோட்டை விட்டவன். இன்னொரு தடவை விட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். நெட்டா வாசலிலேயே அவனைப் பிடித்து, "தம்பி, அட்டையில இருக்கிறதைச் செய். அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே. போன தடவை அதுலதான் போச்சு" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

அவன் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தான். இது வெறும் ஒப்புக்கு. பட்டையைச் சரியாகச் சுற்றுகிறானா என்று கேமரா பார்க்கும், அவ்வளவுதான். எண் என்ன வந்தாலும் அட்டையில் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். முன்னால் வந்தவர்கள் அளவு காட்டும் முள்ளை ஏறிட்டே பார்க்கவில்லை. நடிப்பவளுக்குச் சொந்த ரத்தம் இருக்கும் என்று யார் கண்டார்கள்?

எமெட் பார்த்தான். காற்றை இறக்கினான். மற்ற கையில் சுற்றித் திரும்பப் பார்த்தான்.

164/110.

"ரத்த அழுத்தம் நூத்திப் பதினெட்டுக்கு எழுபத்து நாலு, மேம்" என்று கேமராவுக்குச் சொன்னான். பிறகு தலைமாட்டில் உட்கார்ந்து பிடரியில் விரல்களைக் கொடுத்தான். விரல்கள் ஐஸாக இருந்தன.

5

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

(அ) அவன் கண்ணை மூடிப் பிடரியைத் தளர்த்துகிறான். விலாவைத் திறக்கிறான். முள் இறங்குகிறது, 150, 130, 118. அட்டையில் உள்ளதே பலிக்கிறது.

எங்கள் ஊரில் இந்த முடிவுக்கு விருந்து வைப்பார்கள். கோடு போட்டு அடித்துவிட்டேன். இறுகின கழுத்தைக் கை தளர்த்தும், நெருங்கின விலாவை விரிக்கும். கர்ப்பத்தில் இப்படி ஏறி வலிப்பில் கொண்டுபோய்த் தள்ளுகிற அழுத்தத்தைக் கை இறக்காது. இதைப் படித்துவிட்டு எவளாவது பிடரியைப் பிடித்துவிடச் சொல்லிக்கொண்டு வீட்டோடு கிடந்தால் அந்தப் பாவம் எனக்கு எதற்கு?

(ஆ) அவன் அட்டைப்படி செய்து தேறுகிறான். அவள் அங்கியைக் கழற்றிவிட்டு வண்டி எடுத்துக்கொண்டு போகிறாள். அன்று சாயங்காலம் ரஸ் அடுப்படிக் கதவைத் திறந்தபோது தரையில்

முடியவில்லை. இதை எழுத உட்கார்ந்தபோதெல்லாம் எழுந்து போய்விட்டேன். மிளகுத்தூள் இல்லாத முட்டை ஞாபகம் வருகிறது.

(இ) எமெட், உள்ளே வந்ததும் கேட்டிருந்ததையே மறுபடி கேட்டான். "கண்ணு முன்னால ஏதாச்சும் தெரியுதா?"

"இல்லை, டாக்டர்."

"மேம், நான் அட்டையைக் கேக்கலை."

ட்வைலா கூரையையே பார்த்தாள். கேமராவின் சிவப்பு விளக்கைச் சுற்றியும் பொட்டுகள் பறந்தன.

"யாருக்குத் தெரியுதுன்னு கேக்கறீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். "அவளுக்கா, எனக்கா?"

"உங்களுக்கு."

அவள் தலை இன்னும் அவன் கையில்தான் இருந்தது. கண்ணோரத்தில் வழிந்த நீர் அவன் கட்டைவிரலை நனைத்தது. விதவைக்கு அழுத மாதிரி அழகாக இல்லை, மூக்கெல்லாம் சிவந்துவிட்டது.

"தெரியுது, தம்பி. ரொம்ப நேரமா. காலையிலேருந்தே வலிக்குது. எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

"இப்பவே போயிடலாம்" என்று சொல்லித் தலையைப் பூப்போலத் தலையணையில் வைத்துவிட்டு எழுந்து கதவைத் திறந்தான். நெட்டா வழியை மறித்தாள்.

"ஏய்! கதவைத் திறந்தா தேர்வு முடிஞ்சுதுன்னு அர்த்தம். தெரியுமில்ல?"

"தெரியும். சக்கர நாற்காலி எங்க இருக்கு?"

"நீ இன்னும் விலாவே பாக்கலியேடா!"

"நெட்டாக்கா, இவங்க நடிக்கலை."

நெட்டா உள்ளே எட்டி ட்வைலாவின் மூக்கைப் பார்த்தாள். நல்ல நடிகைக்கு மூக்கு சிவக்காது என்பது அவளுக்குத் தெரியும். நாற்காலி தேட அவளே ஓடினாள்.

6

ஊர் ஆஸ்பத்திரியில் வலிப்புக்குத் தடுப்பு மருந்தை ஏற்றி, ஹெலிகாப்டரில் கொலம்பியா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். குழந்தையை அவசரமாக வெளியே எடுத்தார்கள். பெண். நாலு பவுண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, தன் மூச்சைத் தானே இழுத்துக்கொண்டாள். ரஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "வேஷம்னு நெனச்சேன், வேஷம்னு நெனச்சேன்" என்று வருகிற நர்ஸிடமெல்லாம் சொன்னான். ஒரு நர்ஸ் அவனைச் சாப்பிடப் போகச் சொன்னாள்.

சில நாள் கழித்து எமெட், தன் அம்மா செய்த கேஸரோல் என்கிற பச்சை பீன்ஸ் பதார்த்தத்தைத் தூக்கிக்கொண்டு ட்வைலாவின் ஆஸ்பத்திரி அறைக்கு வந்தான். பழக்கதோஷம், கதவைத் தட்டிவிட்டுக் கையைக் கழுவினான்.

ட்வைலா சிரித்தாள். "உக்காரு தம்பி. உனக்கு நான் ஒண்ணு பாக்கி."

பாக்கி என்றது இதை: ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் நோயாளி வேஷத்தைக் கலைத்து, மாணவன் தொட்டபோது எப்படி இருந்தது என்று அவனுக்குச் சொல்ல வேண்டும். அது விதி.

"உன் கை ஐஸ்கட்டி. அடுத்த தடவை தேய்ச்சுச் சூடாக்கிக்கிட்டு உள்ள வா."

"சரி, மேம்."

"பொய்யான எண்ணைச் சொன்னியே, அப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ரெண்டு கையிலயும் சுத்திப் பாத்துட்டுல்ல சொன்னே. நீ மட்டும் திரும்பக் கேக்கலேன்னா..." அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.

"அடுத்த தடவைன்னு ஒண்ணு இருக்கான்னு தெரியலை" என்றான் எமெட். "திங்கக்கிழமை காலேஜ் கமிட்டி கூடுது, என்னை வச்சுக்கறதா அனுப்பறதான்னு."

கமிட்டியை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் போங்கள். கமிட்டியின் நீள மேஜையில் உங்களுக்கென்று ஒரு நாற்காலி காலியாக வைத்திருக்கிறேன். கேமரா பிடித்ததைப் போட்டுக் காட்டுவார்கள். விலாவை அவன் தொடவே இல்லை. நேரத்துக்கு முன்னால் கதவைத் திறந்திருக்கிறான். முன்னால் வந்தவர்கள் எல்லாரும் தேறிவிட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண் தாளின் கடைசிக் கேள்வி இது: அட்டையில் உள்ள ரத்த அழுத்தத்தை நம்பி வைத்தியம் செய்தாரா? "இல்லை" என்று குறித்தால் விதிப்படி பையன் போனான். "ஆம்" என்று குறித்தால் அது பொய்.

அந்த அறையில் ட்வைலா விதிப்படி எத்தனை அழகாக "இல்லை" என்று பொய் சொன்னாள் என்பதை நினைத்துக்கொண்டு குறியுங்கள்.

பேனா நெட்டா தருவாள். மறக்காமல் திருப்பியும் கேட்பாள்.