கரும்பலகையின் மேல்பாதி

ஸ்டூடியோக்காரருக்கு நாளெல்லாம் ஒரே பேச்சுதான். நிமிர்ந்து உட்காருங்க, தோளைப் பின்னால தள்ளுங்க. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவர் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் நிமிராமல் வெளியே போய்விட முடியாது. ஆனால் அவர் மனைவி, கணக்கு டீச்சர், வீட்டுக்குள் கூன் விழுந்தாற்போல் நடமாடினார். இருபத்திரண்டு வருஷமாக அது மட்டும் அவர் கண்ணில் படவே இல்லை.

டீச்சரின் வலது கை கரும்பலகையின் பாதிக்கு மேல் எழும்பாமல் போனபோதுதான் விஷயம் முற்றியது. தோள் இரண்டும் முன்னால் உருண்டுவிட்டதால் கை அங்கேயே சிக்கிக்கொள்கிறது என்றார் பிசியோதெரபி அம்மா. தலைமையாசிரியை இரண்டு மாதம் டைம் கொடுத்தார். அதற்குள் சரியாகாவிட்டால் வகுப்பு கிடையாது, புத்தக அறையில் உட்கார வேண்டியதுதான். அன்று டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை.

பயிற்சி ஆரம்பமாயிற்று. காலையில் எழுந்ததும் புஜங்காசனம். பிறகு ரப்பர் பட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும். கடைசியில் முதுகும் பின்தலையும் சுவரில் ஒட்ட நின்று, கைகளைச் சுவரோடு மேலே நகர்த்த வேண்டும். ஸ்டூடியோக்காரர் ஞாயிறுதோறும் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துத் தேதி போட்டு வைத்தார். ஆறு படமும் ஒரே படம்தான், உடுப்புதான் மாறியிருந்தது.

மனைவி டிமிக்கி கொடுக்கிறாள் என்று முடிவு கட்டினார். படங்களை அள்ளிக்கொண்டு பிசியோதெரபி அம்மாவிடம் நியாயம் கேட்கப் போனார். இங்கே வந்தால் டீச்சர் நன்றாகத்தான் நிற்கிறார், கை காதைத் தாண்டிப் போகிறது, அடுத்த படத்தை வேறு யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள் என்று அந்த அம்மா அனுப்பிவிட்டார். தொழிலையே குறை சொன்ன மாதிரி இருந்தது அவருக்கு.

ஏழாவது ஞாயிறு மகள் கேமராவை எடுத்தாள். அவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். டீச்சர் சுவரோடு சுவராக நின்றார். கை போய்க்கொண்டே இருந்தது. மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, உள்ளே ஓடி மனைவியின் பக்கத்தில் நின்றுகொண்டார். உடனே தோள் சரிந்தது, கை பாதியில் நின்றது.

"நீங்க பக்கத்துல வந்தாதாம்பா அம்மா குனியறாங்க," என்றாள் மகள்.

டீச்சர் அவரைவிட நாலு விரல் உயரம். அந்த வீட்டில் யாரும் பேசாத விஷயம் அது.

டீச்சருக்கே அப்போதுதான் பிடிபட்டது. கோபமெல்லாம் இல்லை, கணக்கில் விட்டுப்போன படியைச் சொல்வதுபோல்தான் சொன்னார்.

"கல்யாணத்தன்னிக்கு போட்டோ எடுக்கும்போது, கொஞ்சம் குனிஞ்சுக்கோன்னு சொன்னீங்க. அப்புறம் நிமிருன்னு சொல்லவே இல்லையே."

ஸ்டூடியோக்காரர் வாயைத் திறந்தார். எத்தனை பேரிடம் வாய் வலிக்கச் சொன்ன வார்த்தை, இப்போது தொண்டையை விட்டு வருவேனா என்றது. ஒருவழியாகச் சொன்னார். அவருக்கே சரியாகக் கேட்கவில்லை, அதனால் மறுபடி சொன்னார்.

டீச்சர் நிமிர்ந்தார். கை முழுக்க மேலே போயிற்று. அவரும் பக்கத்தில் விறைப்பாக நின்றார். மகள் கேமராவைக் கண்ணில் வைத்தாள், ஆனால் எடுக்கவில்லை.

"அப்பா, குதிகாலைக் கீழ வைங்க."

வைத்தார்.