முதல் பேர்

மனித குலத்தின் கண்ணீரைத் துடைப்பதற்கென்றே தாதித் தொழில் தோன்றியது என்று மகேசன் மாஸ்டர் தவராசா வீட்டு சோபாவிலிருந்து அறிவித்தார். தாதியாக விரும்பியவள் அப்போது குசினியில் அவருக்கு மூன்றாவது தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றாறாம் வருஷம். புலம்பெயர்ந்து வந்த மனுரேவாவில் தமிழ் வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். எந்த வீட்டுக்கு இங்கிலீஷ் படிவம் வந்தாலும் அதை நிரப்ப மாஸ்டர் வரவேண்டும்.

தவராசாவின் மனைவி வசந்தமலர் விலங்கியல் பட்டதாரி. யாழ்ப்பாணத்தில் பதினொரு வருஷம் படிப்பித்தவள். இப்போது பக்கத்து ஊரான விரியில் ஒரு தொழிற்சாலையில் கோழித் தொடைகளைத் தட்டில் அடுக்குகிறாள். எலும்பு தட்டுப்பட்டால் இன்னும் வாய் தானாக 'ஃபீமர்' என்று தொடையெலும்பின் பெயரை முணுமுணுக்கும். ஆய்வுகூடத்து ஃபோர்மலின் மணம், தவளையின் இதயத்தைப் பார்க்க முண்டியடித்த வெள்ளைச் சட்டைகள், "டீச்சர், இன்னும் துடிக்குது!" என்ற குரல். அதற்குள் அடுத்த தட்டு வந்துவிடும்.

"ரெண்டு வழி இருக்கு மாஸ்டர்," என்று தவராசா தாதிக் கல்லூரியின் இரண்டு கையேடுகளையும் விரித்தான். "ஒண்டு எல்லாருக்கும், மூண்டு வருஷம். மற்றது முதலே டிகிரி வைச்சிருக்கிறவைக்கு, ரெண்டு. ரெண்டெண்டால் நான் ரெட்டை ஷிப்ட் இழுப்பன். மூண்டுக்கு முதுகு விடாது."

"மூண்டெண்டால் என்ர முதல் நோயாளி நீங்கள்தான்," என்றாள் வசந்தமலர் குசினியிலிருந்து.

மாஸ்டர் கண்ணாடியை மாட்டி, பேனையைத் திறந்து, இருவருட வகுப்பு விண்ணப்பத்தின் 'ஃபர்ஸ்ட் நேம்' பெட்டியில் கதிர்காமநாதன் என்று எழுதினார்.

"மாஸ்டர், அது அப்பான்ர பேரெல்லே?"

"பிள்ளை, உம்மட சேர்ட்டிபிக்கேட்டில முதல் நிக்கிறது என்ன? கதிர்காமநாதன். பிறகுதான் வசந்தமலர். ஃபர்ஸ்ட் எண்டால் முதல். எனக்கே இங்கிலீஷ் படிப்பிக்கிறீரோ?"

அவள் தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்தாள்.

நவம்பரில் கடிதம் வந்தது. அன்புள்ள கதிர்காமநாதன், இருவருட வகுப்பில் உங்களுக்கு இடம் உண்டு. தவராசா அதை மூன்று தரம் வாசித்தான். வசந்தமலர் தொழிற்சாலையில் வேலையை விட்டு, பூட்ஸையும் கழுவிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கல்லூரிப் பதிவு மேசையில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். வசந்தமலர் தவராசா. கடிதத்தைப் பார்த்தாள்.

"கதிர்காமநாதன் வரவில்லையா?"

"அது என் அப்பாவின் பெயர்."

"ஓ, லவ்லி! அப்படியானால் அவரையே வரச் சொல்லுங்களேன்."

"அவர் செத்து ஒன்பது வருஷம்."

அந்தப் பெண் நெஞ்சில் கைவைத்து உண்மையாகவே வருந்தினாள். பிறகு விதியைச் சொன்னாள்: பட்டம் பெற்றது யாரென்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கடிதம் அனுப்பவேண்டும், வெள்ளிக்கிழமைக்குள். போர் நடந்த யாழ்ப்பாணத்திலிருந்து வசந்தமலரின் அம்மாவின் கடிதம் வந்தே பத்து மாதமாகியிருந்தது.

திங்கட்கிழமை அவள் விரிக்குத் திரும்பிப் போனாள். அவளுடைய பூட்ஸ் வேறொருத்தியின் காலில் இருந்தது. ஒரு சைஸ் பெரியது கொடுத்தார்கள்.

பெப்ரவரியில் கல்லூரியிலிருந்து இன்னொரு கடிதம். பட்டதாரி மாணவர்களின் வரவேற்புத் தேநீருக்குக் கதிர்காமநாதன் தன் துணைவியையும் அழைத்து வரலாம் என்றிருந்தது.

"பாத்தீரே தம்பி, என்ன மரியாதையான இங்கிலீஷ்!" என்றார் மாஸ்டர்.

கதிர்காமநாதன் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்.