ஆற்று மணலில் பதினாறு

மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், பன்னிரண்டு மணிக்குள் கொடுமுடிக்கு வந்துவிடும் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனபோது மணி பத்தரை. விவசாயி குமாரசாமி வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜின் அப்போதும் காவிரி மணலில்தான் நின்றது. அவசரத்துக்குக் கிடைத்தது சாராவின் பிக்கப் வண்டி ஒன்றுதான்.

சாரா மூன்று வருடமாகச் சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டுகிறாள். கனமான சரக்கு என்றதும், வரும் வழியில் பஞ்சர் கடையில் நிறுத்திப் பின் டயர் இரண்டுக்கும் அறுபது பவுண்டு காற்று வைத்துக்கொண்டாள். தார் ரோட்டுக்கு அது சரியான காற்று. மணலில் இறங்கப்போகிறோம் என்பதை அவள் யோசிக்கவில்லை.

நான்கு ஆட்கள் இன்ஜினைத் தூக்கி ஏற்றிவிட்டு அடுத்த தோட்டத்துக்காரரின் மோட்டாரை எடுக்க ஓடினார்கள். வண்டி பத்தடி நகர்ந்ததும் பின் சக்கரங்கள் புதைந்தன.

"ஆக்சிலேட்டர நல்லா மிதி அம்மணி," என்றார் குமாரசாமி.

"மிதிச்சா இன்னும் உள்ள போயிருமுங்கண்ணா. டயரு கல்லாட்டம் இருக்குது. காத்த எறக்கோணும், அப்பத்தான் பட்டையாப் பரவி மணல்ல அமுங்காது."

இறங்கி, ஒரு குச்சியால் வால்வை அழுத்தினாள். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. காற்றளவு காட்டும் கேஜை வைத்துப் பார்த்து, நாலு டயரையும் இருபத்தைந்துக்குக் கொண்டுவந்து வண்டியை எடுத்தாள். ஒரு முழம் ஏறி, மறுபடி அமிழ்ந்தது.

அப்போதுதான் குமாரசாமி ஆற்றைக் காட்டினார். மணல்திட்டுக்கு அப்பால் பழுப்பாக நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர் ஊர்ந்து வந்தது. மணி பதினொன்றரைகூட ஆகவில்லை.

"மொத்தக் காத்தையும் எறக்கிப்போடு."

"அப்புடிச் செஞ்சா டயரு ரிம்ம உட்டுக் கழண்டுருமுங்க. அப்புறம் நவுத்தவே முடியாது."

"அப்ப எவ்வளவுதான் வெக்கறது?"

அவளுக்கும் உறுதியாகத் தெரியாது. இருபது வைத்து அதுவும் போதாமல் போனால், இன்னொரு தடவை இறக்க நேரமிருக்காது. பதினைந்துக்குக் கீழே போகவும் பயமாக இருந்தது. பதினாறு என்று முடிவு செய்தாள். முதல் டயர் முடிந்தது. மூன்றாவதற்கு வரும்போது செருப்புக்கடியில் மணல் ஈரமாகியிருந்தது. அவசரத்தில் கேஜ் இரண்டு தடவை வால்வை விட்டு நழுவியது.

"வண்டியும் வேண்டாம், இன்ஜினும் வேண்டாம். நீ மேல வா கண்ணு," என்றார் அவர்.

"வண்டில சாக்கு ரெண்டு கெடக்குது பாருங்க. பின்சக்கரத்துக்கு முன்னால போடுங்கண்ணா."

போட்டார். சாரா செகண்ட் கியரில் கிளட்சை மெல்ல விட்டாள். வண்டி முனகியது, சாக்கைக் கவ்வியது, ஏறியது. ஆக்சிலேட்டரைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கரையின் சரிவு வந்தது. அதன் உச்சியில் தடம் சட்டென்று இடப்பக்கம் ஒடிந்தது. நேர் எதிரே குமாரசாமியின் மஞ்சள் வயல். நட்டு இரண்டு மாதம்.

"திருப்பு, திருப்பு," என்று பின்னால் ஓடிவந்தார்.

இவ்வளவு குறைந்த காற்றில் ஒடித்துத் திருப்பினால் டயர் கழன்றுவிடும். சரிவிலேயே நின்றால் வண்டி பின்னோக்கிப் போகும். சாரா ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தாள். கம்பி வேலி அறுந்தது. மஞ்சள் பாத்திகளை மிதித்துக்கொண்டு முப்பதடி போய் வண்டி நின்றது.

அவள் இறங்கித் திரும்பிப் பார்த்தாள். கீழே, வண்டி நின்றிருந்த இடத்தில் முழங்கால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சாக்கு இரண்டும் மிதந்து போயின.

"செடியெல்லாம் போச்சுங்கண்ணா," என்றாள்.

குமாரசாமி நசுங்கிக் கிடந்த பாத்திகளுக்குள் இறங்கினார். பிய்ந்த சொட்டுநீர்க் குழாய் ஒன்றை எடுத்துச் சுருட்டினார்.

"எதுத்தாப்புல நானிருந்தாலும் நேராத்தான் வந்திருப்பியாட்ட இருக்குது," என்றார். கோபமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பிறகு அவர் குனிந்து பின் டயரை விரலால் அமுக்கிப் பார்த்தார். "இந்தக் காத்துல ரோட்டுக்குப் போகாத. காத்தடிக்க டிராக்டர் கம்ப்ரசரக் கொண்டாறேன். அது வரைக்கும் இப்புடி நெழல்ல உக்காரு."