சட்டைக்கையில் தைத்த காலணி

பனியாற்றின் மேல் நொறுங்கிக் கிடந்த போர் விமானத்துக்குள் இரண்டு அமெரிக்கர்கள் பதினெட்டு நாளாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். தேடிப்போன விமானங்கள் மூடுபனியில் வழி தெரியாமல் இரண்டு முறை திரும்பிவிட்டன. அப்புறம்தான் வானொலி நிலையத்துக்காரர் அந்தப் பனிநாட்டு வேட்டைக்காரன் அபியாவின் கதவைத் தட்டினார். நாய்வண்டியில் மூன்று நாள் பயணம்.

மறுநாள் காலை அபியா நாய்களைப் பூட்டி முடிப்பதற்குள் அவன் மனைவி கிதோரா அந்த இருவருக்காகவும் சீல் என்ற கடல்நாயின் தோலில் இரண்டு ஜோடி பூட்ஸ் தைத்துவிட்டாள். அளவுக்கு எங்கே போவாள்? ஊரிலேயே பெரிய பாதம் அவள் அண்ணனுடையது, அதையே வைத்துக்கொண்டாள். அவளும் வண்டியில் ஏறினாள். தூரப் பயணத்தில் ஊசி பிடிப்பவள் இல்லாவிட்டால் தோலுடை கிழிந்த இடத்தில் ஆள் முடிந்தான்.

மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தபோது, விமானத்தில் டாயில் என்பவனுக்குக் கால் முறிந்திருந்தது. அவனை வண்டியில் கட்டினார்கள். மற்றவன் ஹார்லன், பனைமரம் மாதிரி உயரம். உறைந்து இரும்பாகிவிட்ட அவன் பூட்ஸைக் கிதோரா கத்தியால் கிழித்து எடுத்தாள். நீலம் பாரித்த பாதங்களைத் தன் சட்டைக்குள் விட்டு வெறும் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அவன் கூச்சத்தில் நெளிந்தான். உணர்ச்சி திரும்பியதும் வலியில் அழுதான்.

"அழு ராசா, அழு. வலிச்சா கால் பொழைச்சிருச்சுன்னு அர்த்தம்."

பிறகு புது பூட்ஸை மாட்டினாள். பாதிப் பாதம்கூட நுழையவில்லை.

அபியா எட்டிப் பார்த்தான். "ஏ கிதோரா, இது காலா, படகா?"

"உன் மச்சானை விடப் பெரிய கால் உலகத்துல இருக்கும்னு நான் கண்டேனா?"

"பேசாம இவனையும் வண்டியில போட்டுக்குவோம்."

"பனிப்பாலம் தாங்குமா?"

 வரும்போதே அபியா அதை ஈட்டியால் குத்திப் பார்த்திருந்தான். சற்றுத் தள்ளிக் கிடந்த ஆழமான பிளவின் மேல் படிந்த பனி, வண்டியை ஒரே ஒரு ஆளோடு இன்னும் ஒரு முறைதான் தாங்கும். ஹார்லன் நடந்துதான் தாண்டவேண்டும். வெறுங்காலோடு நடந்தால் இரண்டு பாதமும் போய்விடும். மேற்கே காற்று வேறு எழும்பிக்கொண்டிருந்தது.

கிதோரா கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கைய நீட்டு."

"எதுக்கு?"

"நீட்டுன்னா நீட்டேன்!"

அவன் தோல்சட்டையின் இரண்டு கைகளையும் தோளோடு அறுத்துவிட்டாள்.

"அடிப்பாவி! சாட்டை பிடிக்கிற கைடி இது!"

"கைய உள்ள இழுத்துக்க. ஊருக்கே கேக்குற வாய் இருக்குல்ல, அதால ஓட்டு."

அந்தச் சட்டைக்கைகளையே காலணியாகத் தைக்கத் தொடங்கினாள். நாலு தையல் போடுவாள், விரல் மரத்துப்போகும். வாயில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு மறுபடி நாலு. ஆசையாகத் தைத்த பூட்ஸையே வெட்டி அடித்தோலாக வைத்தாள். உள்ளே காய்ந்த புல்லைத் திணித்து ஹார்லனுக்கு மாட்டிவிட்டாள்.

அபியா, கையில்லாத சீல் மாதிரி, வண்டியை விட்டுத் தள்ளி நடந்தபடி, தொண்டை கிழியக் கத்தியே நாய்களை ஓட்டி டாயிலைப் பிளவின் அக்கரை சேர்த்தான். கிதோரா பின்னால் நடந்து தாண்டினாள். கடைசியாக ஹார்லன். நடுவில் பனி முனகியது. அவன் நின்றுவிட்டான்.

"நிக்காதடா! வா, வா!"

மொழி புரியாவிட்டாலும் அவள் விரித்த கைகள் அவனுக்குப் புரிந்தன. நடந்தான்.  வந்து அவள் முன்னால் பொத்தென்று விழுந்தான்.

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காலணிக்குள் விரலை விட்டுத் துழாவினாள். ஈரமில்லை, தையல் தாங்கியிருந்தது.

"இனிமே பிளவு இல்ல," என்றாள். "இவனையும் ஏத்து."