ஐந்தாவது ஆள்

நான்கு பேரைச் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் நிறுத்தினார். உடை மாற்றும் அறையில் இருந்தவர்கள் எல்லோரும் ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டார்கள். ஐந்தாவது ஆள் யார் என்று எங்கள் வீட்டில் ஒரு வாரமாகச் சண்டை நடப்பது பிஸ்கட் கம்பெனி முழுக்கத் தெரியும்.

அவர் கம்பெனியில் மெஷின் மெக்கானிக். பெண்கள் கூடைப்பந்து அணிக்கு கோச்சும் அவர்தான். நான் பேக்கிங் பிரிவு. ஐந்தடிகூட இல்லாததால் குண்டூசி என்று பெயர். எனக்குப் போட்டியாக வந்தவள் கிடங்கில் புதிதாகச் சேர்ந்தவள், மேல் தட்டுப் பெட்டியை நின்ற இடத்திலிருந்தே இறக்குவாள். அவளுக்கு ஒட்டடைக்குச்சி. பந்தைத் தட்டிக்கொண்டு நாலு எட்டு வைத்தால் அது அவள் காலிலேயே பட்டு ஓடும். நான் கூடையை நோக்கிப் பந்தைத் தூக்குவதுபோல் காட்டினால் போதும், எம்பிவிடுவாள். அவள் தரைக்கு வந்து சேர்வதற்குள் நான் நிஜமாகவே போட்டு முடித்திருப்பேன்.

"நமக்கு அவ உயரம் வேணும்" என்று முந்தின ராத்திரியும் இவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அப்ப ஒரு கம்பத்த நட்டு வைங்க. அதுக்கு ஷூ வாங்கிக் குடுக்கற செலவும் இல்ல."

"கத்துக் குடுத்தா ஆட்டம் வந்துடும். உயரம் வருமா?"

"ஃபைனலுக்குள்ள வந்துடுமா? என்னப் போடலன்னா பனியனக் கழட்டிக் கையில குடுத்துட்டுப் போயிடுவேன், சொல்லிட்டேன்."

வெறும் மிரட்டல் இல்லை. கம்பெனி ஃபைனலுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. என் முழங்கால் அடுத்த வருஷம் தாங்காது என்று எனக்கே தெரியும். இதில் ஆடவில்லை என்றால் இனி எதிலும் இல்லை.

"குண்டூசி" என்று ஐந்தாவது பெயரையும் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். ஒட்டடைக்குச்சி தலையைக் குனிந்து போய் ஓரமாக உட்கார்ந்தாள். எனக்குப் பாவமாகவெல்லாம் இல்லை.

எதிரணி மின்சார ஆபீஸ். முதல் பாதியில் அவர்கள் கண்ணில் விரலை விட்டு ஆட்டினேன். இரண்டு பேர் நடுவில் புகுந்து போட்டேன், கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டேன், பார்க்காமல் பின்பக்கம் பாஸ் கொடுத்தேன். பன்னிரண்டு பாயிண்ட் முன்னால் இருந்தோம்.

கடைசிக் கட்டத்தில் அவர்களுக்குப் பிடி கிடைத்துவிட்டது. அவர்களிடம் தூண் மாதிரி ஒருத்தி இருந்தாள். நான் காவல் காத்தவளை எங்களில் வேறொருத்தி துரத்திப் போகும்படி ஆளை மாற்றிவிட்டு, அந்தத் தூணை என்னிடம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பிறகு உயரமாக ஒரு பாஸ். பந்து என் விரலுக்கு ஒரு முழம் மேலே போனது. கூடை. மறுபடியும் அதே வேலை, அதே கூடை. மூன்றாவது தடவை நான் எம்பியதைப் பார்த்து கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

பன்னிரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, ஒரே ஒரு பாயிண்ட்தான் முன்னால் இருந்தோம். ஒன்பது வினாடி இருக்கும்போது பந்து கோட்டைத் தாண்டி வெளியே போய் அவர்களுக்குக் கிடைத்தது. இவர் டைம் அவுட் கேட்டார்.

சின்னப் பலகையில் கோடு போட ஆரம்பித்தார். "குண்டூசி, நீ அவ முன்னாடி நில்லு. பின்னாலேருந்து இன்னொருத்தர் வருவாங்க..." போட்ட கோட்டையே அழித்து அழித்துப் போட்டார், என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. பெரிய மெஷினுக்குள் தோள் வரைக்கும் விடுகிற கை அது, தயங்கி நான் பார்த்ததில்லை. அப்போதுதான் புரிந்தது. இந்த மனிதருக்குத் தூணிடம் பயமில்லை, என்னிடம் பயம். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"என்ன வெளிய எடுத்துட்டு அவள உள்ள விடுங்க."

"நீ ஆடு. பாத்துக்கலாம்."

"மூணு தடவையும் பாத்துக்கிட்டுத்தான நின்னீங்க."

"இதப் பத்தி வீட்டுல..."

"வீட்ட விடுங்க. எந் தலைக்கு மேல பந்து போகுதா, இல்லையா?"

"போகுது" என்றார்.

நான் ஒட்டடைக்குச்சியின் கையைப் பிடித்து இழுத்தேன். சில்லென்று இருந்தது.

"பயமா இருக்குக்கா."

"இருக்கட்டும். கையத் தூக்கிட்டு நில்லு. அவ போடற மாதிரி காட்டுவா, எம்பாத. பந்து அவ கைய விட்டப்புறம் எம்பு."

"நீங்க காட்டறப்பல்லாம் ஏமாந்துடுவேனே."

"அது நான். அவளுக்கு எங்க அந்தக் கை?"

அவள் உள்ளே போனாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். இவள் சொதப்பினால் நன்றாக இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, வந்தது.

பந்து தூணின் கைக்குப் போனது. தூக்குவதுபோல் காட்டினாள். ஒட்டடைக்குச்சியின் குதிகால் தரையை விட்டுக் கிளம்பியது. நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். கால்விரல் மட்டும் தரையிலேயே நின்றது. தூண் இன்னொரு தடவை காட்டினாள். குச்சி அசையவில்லை. தூண் பந்தை விட்டாள். அப்போதுதான் குச்சி எம்பினாள். அவள் விரல் நுனி பந்தை உரசியது. பந்து வளையத்தில் பட்டு, அதன் மேலேயே கொஞ்ச நேரம் உருண்டு, வெளிப்பக்கம் விழுந்தது. மணி அடித்தது.

எல்லோரும் என்னைத் தாண்டிக் களத்துக்குள் ஓடினார்கள். கோப்பை எங்களுக்குத்தான். ஆனால் ஜெயித்த நேரத்தில் நான் அந்த ஐந்து பேரில் இல்லை. அழுகை வந்தது, அழுதேன்.

இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நல்ல வேள நீ சொன்ன."

"என்ன எடுக்கணும்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

பலகையை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டே இருந்தார். "ரெண்டாவது தடவையே."

"மொத பாதியில என்னப் போட்டது?"

"அது உன் ஆட்டத்துக்காக. சத்தியமா."

"கடைசியில?"

பலகையைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கடைசியில ஒப்புக்குச் சப்பாணியா நிக்க வெச்சிருக்கீங்க. ஆட்டக்காரின்னு நெனச்சிருந்தா அப்பவே வெளிய கூப்பிட்டிருப்பீங்க. பொண்டாட்டின்னு நெனச்சீங்க."

"கூப்பிட்டிருந்தா நீ சும்மா இருந்திருப்பியா?"

"இருந்திருக்க மாட்டேன். வீட்ட ரெண்டாக்கியிருப்பேன்" என்றேன். "அப்பவும் நீங்க கூப்பிட்டிருக்கணும்."