எட்டாயிரத்துக்கு மேலே

அம்மையப்ப ஓதுவார் மூன்றாம் முறையாகக் கேசட்டைத் திருப்பிக்கொண்டு வந்தார். வந்தவர் அதை உடனே மேசைமேல் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டதைப் பற்றியும், ரதவீதியில் தேருக்கு வடம் வந்து இறங்கியிருப்பதைப் பற்றியும் பேசினார். கோமதிசங்கருக்குப் புரிந்துவிட்டது. முந்தைய இரண்டு முறையும் அவர் இப்படித்தான் ஆரம்பித்தார்.

அது 1999, ஆனி மாதம். டவுணில் அலி அஸ்கரின் கேசட் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ரெக்கார்டிங் அறை. பத்தமடையிலிருந்து வாங்கிய கோரைப் பாய்களைச் சுவரெங்கும் அடித்து, ஜன்னலைத் தெர்மாகோலால் அடைத்து, அலி துபாயிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரை நடுவில் வைத்திருந்தார்கள். முதலும் இடமும் அலியுடையது. பதிவும், பதிந்த சத்தங்களை அளவு பார்த்துச் சேர்க்கிற கலவையும் கோமதிசங்கர் பொறுப்பு. கோயிலில் பதிகம் பாடுகிற ஓதுவாருக்கு இது முதல் கேசட். தேரோட்டத்தன்று ரதவீதியில் அது ஒலிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

"தப்பா எடுத்துக்கிடப்படாது அண்ணாச்சி" என்றார் ஓதுவார். "குரலு தெளிவாத்தான் இருக்கு. ஆனா பேட்டையில பாத்திரக் கடைசல் பட்டறைக்குள்ள உக்காந்து பாடுன மாதிரில்லா கேக்கு."

கோமதிசங்கர் சிரித்தார். அது மெஷின் கோளாறு என்றும், தான் அதைத் தேடிக்கொண்டே இருப்பதாகவும், திங்கட்கிழமை தருவதில் குறை இருக்காது என்றும் சொன்னார். ஓதுவார் கேசட்டை வைத்துவிட்டுத் தயக்கத்தோடு படியிறங்கினார்.

குறை எங்கே என்பது பதிவின்போதே ஓரளவு தெரிந்ததுதான். ஓதுவாருக்குக் கையில் தாளம் இல்லாமல் பாட வராது. முதல் நாள், குரலைத் தனியாக எடுத்துக்கொண்டு தாளத்தைப் பிறகு சேர்க்கலாம் என்று கோமதிசங்கர் சொல்லிப் பார்த்தார். ஓதுவார் இரண்டாவது அடியிலேயே நின்றுவிட்டார். வெறுங்கை மடியில் கிடந்து தவித்தது. கடைசியில் அவர் பாட்டுக்கு வெண்கலத் தாளத்தைத் தட்டிக்கொண்டே பாடட்டும் என்று விட்டு, வாய்க்கு நேரே ஒரு மைக்கும் மடிக்குப் பக்கத்தில் ஒரு மைக்கும் வைத்தார்கள். அதனால் குரலின் மைக்கிலும் தாளம் விழுந்திருந்தது. குரலின் மேல்பகுதியை, அதாவது அதிலுள்ள கூர்மையான சத்தத்தை, கொஞ்சம் பளிச்சென்று ஆக்கினால் தாளமும் கூடவே ஏறிக்கொள்ளும். எவ்வளவு ஏறலாம் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

காதுதான் கோமதிசங்கரிடம் இருந்தது. பி.யு.சி.யோடு படிப்பை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனவர், இருபது வருஷத்துக்கு மேல் ஒலிப்பதிவுக் கூடங்களில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சர்டிபிகேட் என்று ஒன்றும் கிடையாது. வயலினில் ஒரு தந்தி மட்டும் புதிதாக மாற்றப்பட்டிருக்கிறது என்பதை அடுத்த அறையிலிருந்தே சொன்னார் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. ஊருக்குத் திரும்பி ஆறு வருஷம் ஆன பிறகும் டவுணில் அவருக்கு மெட்ராஸ் அண்ணாச்சி என்றே பெயர். வில்லுப்பாட்டுக்காரர்களும், பாளையங்கோட்டை சர்ச் பாடகர்களும், மேலப்பாளையத்திலிருந்து வரும் இஸ்லாமியப் பாடகர்களும் கலவை முடிந்ததும் ஸ்பீக்கரைக் கவனிப்பதைவிட அவர் தலையைத்தான் கவனிப்பார்கள். அந்தத் தலை அசைந்துவிட்டால் வேறு யாரையும் கேட்பதில்லை.

அவர் மெஷின் என்று சொன்னது உண்மையில் மெஷின் அல்ல. சத்தத்தில் அடிப்பகுதி, நடுப்பகுதி, மேல்பகுதி என்று பிரித்து வேண்டியதைக் கூட்டவும் குறைக்கவும் உதவுகிற கருவிக்கு ஈக்வலைசர் என்று பெயர். சென்னையில் அவர் கைபட்டுத் தேய்ந்தது ஒரு வால்வு ஈக்வலைசர். உலைப் பானைபோல் சூடாகும் இரும்புப் பெட்டி. அதே மாதிரிப் பெட்டியை அப்படியே படமாக வரைந்து, அது செய்யும் வேலையைக் கம்ப்யூட்டருக்குள் செய்கிற ஒரு பிளக்-இன், அலி கொண்டுவந்த சிடி ஒன்றில் இருந்தது. சாம்பல் நிறத் தகடு, கறுப்புக் குமிழ்கள், மஞ்சள் வெளிச்சத்துக்குள் ஆடும் முள், மூலையில் துருகூட வரைந்திருந்தார்கள். முதன்முதலாகத் திரையில் அதைப் பார்த்த அன்று கோமதிசங்கர் கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

ஒரு விஷயம் மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. குமிழுக்குக் கீழே, எவ்வளவு கூட்டியிருக்கிறோம் என்று எண் காட்டியது. பழைய பெட்டியில் எண்களெல்லாம் எப்போதோ அழிந்துபோயிருந்தன. எண்ணைப் பார்த்துக் கலவை பண்ணுகிறவன் கணக்குப்பிள்ளை என்பார் அவர். ஒரு காகிதத் துண்டைக் கிழித்து, திரையில் எண் வருகிற இடத்தின்மேல் செலோடேப்பால் ஒட்டிவிட்டார். அன்றிலிருந்து மவுசைப் பிடித்துக் குமிழைத் திருப்புவதும் கண்ணை மூடிக் கேட்பதும்தான்.

ஆனால் பழைய பெட்டியின் மேல்பகுதியில் இருந்த அந்தப் பட்டுப்போன்ற பளபளப்பு இதில் வரவில்லை. எவ்வளவு திருப்பினாலும் மந்தமாகவே இருந்தது. முகத்தைக் காப்பியடித்தவர்கள் தொண்டையைக் காப்பியடிக்கவில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அலிகூட வேறு சிடி தேடினான்.

மூன்றாவது கேசட்டை அலி கடையில் போட்டுப் பார்த்தான். கேசட் அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் சேலைத் தலைப்பால் காதைப் பொத்திக்கொண்டாள். தெரிந்தவரின் காரில் போட்டுப் பார்த்தான், அங்கேயும் அப்படித்தான். மாடிக்கு வந்து, சுற்றி வளைத்து, பாளையங்கோட்டையில் கீபோர்டு வாசிக்கிற கிருபைராஜை ஒரு தடவை கேட்கச் சொல்லலாமா என்றான்.

"கிருபைராஜா? எலே, அவன் காதுல கீபோர்ட தவிர எதுவும் ஏறாதுலே" என்றார் கோமதிசங்கர்.

அலி சிரித்துவிட்டு இறங்கிப் போனான். மறுபடி கேட்கவில்லை. மெட்ராஸ் அண்ணாச்சி இருக்கிறார் என்றுதான் ஆட்கள் அந்தப் படியேறி வந்தார்கள். அது இரண்டு பேருக்குமே தெரியும்.

கோமதிசங்கரின் மனைவி சித்ரலேகா பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் போன மழைக்காலத்தில் ஒரு நாள், கொடியில் தொங்கிய சட்டைப் பைக்குள் அவருடைய கைக்கடிகாரம் விடாமல் கத்திக்கொண்டிருந்ததை அவள் அடுப்படியிலிருந்து கேட்டாள். அலாரத்தை வைத்தவர் அவர்தான். அந்தச் சட்டைக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் வந்து அதை நிறுத்தியதையும் அவர் கவனிக்கவில்லை. பிறகு சில நாள் அவள் வேண்டுமென்றே கவனித்துப் பார்த்தாள். பேசுவதெல்லாம் கேட்டது. டெலிபோன் கேட்டது. ராத்திரியில் சுவர்க்கோழி கத்தினால் கேட்கவில்லை. சொல்ல நினைத்து, சாப்பிடும்போது சொல்லலாம், தூங்கப் போகும்போது சொல்லலாம் என்று தள்ளி, மாதங்கள் போய்விட்டன.

ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு. தெருச் சத்தம் இல்லாத அன்று உட்கார்ந்து இந்தப் பிளக்-இன்னின் திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று கோமதிசங்கர் முடிவு செய்தார். சித்ரலேகாவும் கூட வந்தாள். முன்னறையில் பெஞ்சில் உட்கார்ந்து திங்கட்கிழமைக்கான பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள்.

அவருடைய யோசனை எளிமையானது. குரல், பின்னணிக்குச் சேர்த்த தம்புரா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மடிக்குப் பக்கத்தில் வைத்த மைக்கை மட்டும் ஓடவிட வேண்டும். அதிலும் எட்டாயிரத்துக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும். நொடிக்கு எட்டாயிரம் தடவைக்கு மேல் அதிர்கிற, ஊசி முனை போன்ற சத்தம் மட்டும் மிஞ்சும். பிளக்-இன் கெடுக்கிற இடம் அதுதான் என்றால் அம்மணமாக அகப்பட்டுவிடும்.

வெட்டிவிட்டு ஓடவிட்டார். சத்தம் வரவில்லை.

திரையில் முள் ஆடியது. எழுந்து விழுந்து, எழுந்து விழுந்து, ஒரே சீராக ஆடியது. அவர் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிச் சொருகினார். ஆம்ப்ளிஃபயரைத் தட்டினார். ஹெட்போனை மாட்டிப் பார்த்தார். வெட்டியதை எடுத்ததும் ஓதுவாரின் தாளம் கணீரென்று வந்தது. மறுபடி வெட்டினால் ஒன்றுமில்லை. முள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் கூர்மையான சத்தத்தைத் தருகிற சின்ன வாய் எரிந்துபோயிருக்கும் என்று நினைத்தார். அப்படியானால் ஹெட்போனில் ஏன் வரவில்லை என்ற கேள்வியும் அதற்குப் பின்னாலேயே வந்தது.

"சித்ரா, இங்கன கொஞ்சம் வா" என்று கூப்பிட்டார்.

அவள் கதவைத் திறந்ததும் நின்றுவிட்டாள். அறை முழுக்கச் சத்தம். தாளத்தின் நாதம் போய், அதன் விளிம்பு மட்டும் அடியடியாக வந்து பல்லில் இறங்கியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவர், ஆளில்லாத வீட்டில் உட்கார்ந்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

"என்னமும் கேக்கா?" என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். திரையில் ஆடும் முள்ளைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லிவிடலாம். ஸ்பீக்கரைப் பார்க்க ஆள் வருவான், ஒயர் மாறும், இன்னும் ஒரு வாரம் போகும். ஆனால் அவளுடைய வலக்கை எழுந்து இடது உள்ளங்கையில் விழுந்தது. மறுபடி எழுந்து, மறுபடி விழுந்தது.

அவள் தாளம் போட்டாள்.

அவர் முள்ளையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். முள் எழும்போது கை விழுந்தது. ஒரு அடிகூடத் தவறவில்லை. நிறுத்தினார், கை நின்றது. ஓடவிட்டார், கை ஆரம்பித்தது. பிறகு அவளைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். கருவியைச் சோதிக்கிற ஒழுங்கோடு, எதிர்பாராத இடங்களில் நிறுத்தியும் ஓடவிட்டும் பார்த்தார். கோரைப் பாயைப் பார்த்தபடி நின்றவளின் முழங்கை ஒவ்வொரு முறையும் சரியாக நின்றது, சரியாக அசைந்தது.

"போதும்" என்றார். அவள் திரும்பினாள்.

"ரொம்பச் சத்தமா?"

"பல்லு கூசுது."

"இதத்தான் அந்த மனுசனுக்கு மூணு வாட்டி குடுத்தேனா?"

அவர் திரையில் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்தார். பசை திரையில் ஒட்டிக்கொண்டு நின்றது. கீழே எண் தெரிந்தது. மேல்பகுதிக் குமிழ், அதற்குமேல் போக முடியாத எல்லையில் நின்றுகொண்டிருந்தது. சென்னையில் ஒரு பையன் அந்த அளவுக்குத் திருப்பியிருந்தால் அவரே கையைத் தட்டிவிட்டிருப்பார்.

"ஒனக்குத் தெரியும், என்ன?" என்றார், எண்ணைப் பார்த்துக்கொண்டே.

"கொஞ்சம் தெரியும்."

எப்போதிருந்து என்று அவர் கேட்கவில்லை. முன்னறையில் இருந்த முக்காலியை எடுத்துவரச் சொன்னார். ஸ்பீக்கருக்கு நேரே, தான் வழக்கமாக உட்காருகிற இடத்தில் அதைப் போட்டு அவளை உட்கார வைத்தார். தன் நாற்காலியை ஓரமாக இழுத்துக்கொண்டார். தனக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்றாள் அவள்.

"ஒனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம். கைய உசத்தி வச்சிக்க. சத்தம் எப்ப உறுத்தலயோ அப்ப இறக்கு. பைய கேளு, அவசரமில்ல."

பதிகம் முழுதாக ஓடியது. குரல், தம்புரா, தாளம் எல்லாம். அவர் குமிழைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். அவளுடைய கை உயரத்திலேயே நின்றது. இன்னும் குறைத்தார். அவருக்கு இப்போது பாட்டின்மேல் யாரோ ஒரு கனத்த துணியைப் போட்டு மூடுவதுபோல் இருந்தது. ஓதுவார் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். தாளம் மரக்கட்டையானது. விரல் மவுசில் நின்றுவிட்டது. இதற்குமேல் இறக்கினால் பாட்டே செத்துவிடும் என்று அவருடைய இருபது வருஷமும் சொன்னது. அவள் கை இன்னும் மேலேயே இருந்தது.

அவர் குறைத்தார்.

கை இறங்கி மடிக்கு வந்தது. அவள் கண்ணை மூடியிருந்தாள். பாட்டில் இரண்டு அடி கழிந்தபின், அவளுக்கே தெரியாமல் தலை லேசாக அசைந்தது. அவர் எண்ணைப் பார்த்தார். குமிழ் ஏறக்குறைய எதையுமே கூட்டாத இடத்தில் நின்றது. ஓதுவாரின் குரலுக்கு ஆரம்பத்திலிருந்தே எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை. அப்படியே சேமித்தார்.

மற்றப் பதிகங்களையும் அதே மாதிரி முடித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கடைச் சாவியை எடுக்க வந்த அலி, மாடியில் ஆளரவம் கேட்டு ஏறி வந்தான். முக்காலி கிடந்த இடத்தையும் அதில் சித்ரலேகா அக்கா உட்கார்ந்திருப்பதையும் பார்த்து வாசலிலேயே நின்றான். முடிந்ததா என்று மட்டும் கேட்டான்.

"நல்லா இருக்குன்னு இவ சொல்லுதா" என்றார் கோமதிசங்கர். "எனக்கு மேல் சத்தம் கேக்கல அலி. மெஷின்ல கோளாறு இல்ல. நீயும் ஒருவாட்டி கேட்டுச் சொல்லு. நாளைக்கு அந்தக் கிருபைராஜையும் வரச் சொல்லு."

அலி சித்ரலேகாவைப் பார்த்தான். அவள் தலை குனிந்தபடி முக்காலியை விட்டு எழுந்தாள். அவன் உட்கார்ந்தான். கோமதிசங்கர் முதல் பதிகத்தை ஓடவிட்டு, ஓரத்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பாட்டு முடியும்வரை அலியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.